பதினான்கு மெஷின், ஒரே பச்சை

அத்தியாயம் 6

பெயிண்ட் கம்பெனி முதலாளி மேஜை மீது ஒரு காகிதத்தை வைத்தார். அதற்குப் பக்கத்தில் ஒரு கடிதத்தையும் வைத்தார்.

“இது தடயம். இது டிஸ்மிஸ் ஆர்டர். சாயங்காலம் நாலு மணிக்கு மீட்டிங். அதுக்குள்ள இதுக்கு அது ஆதாரம்னு ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுத்துட்டீங்கன்னா உங்க வேலை முடிஞ்சுது.”

“அப்போ திருடினது யாருன்னு முடிவாயிடுச்சா?” என்று கேட்டார் சர்வேயர்.

“முடிவாயிடுச்சு. நிரூபிக்கறதுதான் பாக்கி.”

“ரொம்ப நல்லது. தலையை வெட்டிட்டா தலைவலி தானா போயிடும்,” என்றார் மாப்பிள்ளை. சர்வேயர் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

சர்வேயர் என்பது அவருடைய பெயர் அல்ல, பழைய தொழில். இருபத்தைந்து வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து, எரிந்த கடைகளையும் எரிந்ததாகச் சொல்லப்பட்ட கடைகளையும் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், ஐம்பது வயதில் சொந்தமாகத் துப்பறிய ஆரம்பித்தவர். மாப்பிள்ளை அவருடைய தங்கையின் கணவர், முன்னாள் கோர்ட் டைப்பிஸ்ட். வீட்டில் இருந்தால் குறை சொல்லியே கொல்கிறார் என்று தங்கை அவரை அக்காவிடம் ஒப்படைத்திருந்தாள். உதவியாளர்தான், ஆனாலும் தங்கை புருஷனை வா போ என்று அதட்ட முடியுமா? மரியாதை குறையாமல்தான் அதட்ட வேண்டியிருந்தது.

விவகாரம் இதுதான். கம்பெனிக்குப் பதினான்கு கிளைகள். கிளைக்கு ஒரு பிரிண்டர். ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு கம்பெனியிடம் வாங்கியது. ஒரு மெஷினில் நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் அளவு பூஜ்யத்திலிருந்து நூறு வரை. இன்னொன்றில் மைனஸ் ஐந்திலிருந்து பிளஸ் ஐந்து வரை. மூன்றாவதில் எண்ணே கிடையாது, ஒரு சூரியன் படமும் ஒரு நிலா படமும் மட்டும். ஐம்பது என்று வைத்தால் ஒன்றில் நடுத்தரம், இன்னொன்றில் கண் கூசும். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரே ஷேடு கார்டை நெட்வொர்க்கில் அனுப்பினால், பதினான்கு ஊரில் பதினான்கு பச்சை வந்து விழும். ஊருக்கெல்லாம் நிறம் விற்கிற கம்பெனிக்குத் தன் நிறம் இன்னது என்று தெரியவில்லை.

இதைச் சரி செய்ய ஒரு கமிட்டி போட்டார்கள். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எந்த மெஷினுக்கு அனுப்பினாலும் திரையில் ஒரே மாதிரி ஐந்து நிற அளவுகோல்கள் வர வேண்டும். நடுவில் பூஜ்யம், இந்தப் பக்கம் ஐந்து படி, அந்தப் பக்கம் ஐந்து படி. அதை அந்தந்த மெஷினுக்குப் புரிகிறபடி மாற்றுவது மென்பொருளின் பாடு. கேட்க எளிதாக இருக்கிறது. கமிட்டிக்கு மூன்று வருடம் ஆயிற்று. முதல் ஆறு கூட்டங்கள், நடுவில் இருப்பதைப் பூஜ்யம் என்று சொல்வதா ‘சரி’ என்று சொல்வதா என்பதிலேயே கழிந்தன.

ரவுண்டு ரவுண்டாக நடந்த சோதனை அச்சுக்கு முதலாளி தேர்ந்தெடுத்துக் கொடுத்த நிறம் 4417. அடுத்த வருடம் வெளிவர வேண்டிய ரகசியப் பச்சை. அதுதான் அச்சில் சிக்காத நிறம், அது சிக்கிவிட்டால் எல்லாம் சிக்கும் என்பது அவர் கணக்கு. ரகசியத்தைப் பதினான்கு ஊருக்கு அனுப்பிச் சோதிப்பது எப்படி ரகசியம் என்று யாரும் கேட்கவில்லை. போன வாரம் போட்டிக் கம்பெனி கிட்டத்தட்ட அதே பச்சையைப் புது ஷேடு என்று விளம்பரப் பலகையில் ஏற்றிவிட்டது. அவர்களுடைய டீலர் கடைக் கவுண்டரில் கிடந்த இந்தக் காகிதத்தை, இவர்களுடைய சேல்ஸ்மேன் ஒருவர் சுருட்டிக்கொண்டு வந்தார்.

அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கமிட்டித் தலைவர். முப்பது வருட சர்வீஸ், கச்சிதமான சட்டை, பேசுவதற்கு முன் ஒருமுறை தொண்டையைச் செருமுவார். இன்னொருவர் ஷேடு மேடம். பெயிண்டைக் கலந்து நிறம் பொருத்துகிறவர். மூன்று நாளாக சஸ்பெண்ட். உட்காரச் சொல்லி யாரும் சொல்லாததால் நின்றுகொண்டிருந்தார்.

“இது எந்த ரவுண்டு?” என்று முதலாளி காகிதத்தைத் தலைவரிடம் நீட்டினார்.

தலைவர் வாங்கினார். வாங்கிய கையோடு திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே பென்சிலால், ‘பச்சை ரெண்டு தூக்கல். மத்தது சரி’ என்று எழுதியிருந்தது. அப்படியே மேஜையில் வைத்துவிட்டார்.

“ஒன்பதாவது ரவுண்டு சார். பச்சை ரெண்டு படி அதிகமா வந்தது.”

“பாத்தீங்களா, என்ன கண்ணு! பின்னால இருக்கறது எதிராளி கிறுக்கினது, அதை விடுங்க. சோதனை ஷீட்டெல்லாம் அப்பப்பவே கிழிச்சு அழிச்சாச்சுன்னு ரெஜிஸ்டர்ல இந்த அம்மா கையெழுத்துப் போட்டிருக்காங்க. அழிச்ச ஷீட்டு நடந்து போயிருக்கு. வேற என்ன வேணும்?”

“ஒரு நாற்காலி,” என்றார் சர்வேயர். “அவங்க உக்காரணும்.”

ஷேடு மேடத்தின் அறையில் சுவர், மேஜை, அலமாரி எல்லாமே சாம்பல் நிறம். அவர் போட்டிருந்த கோட்டும் சாம்பல்.

“துக்கமா மேடம்?” என்றார் மாப்பிள்ளை.

“நிறம் பாக்கற ரூம்ல நிறம் இருக்கக் கூடாது சார். கண்ணை ஏமாத்தும்.” அவர் மேஜையில் படிந்திருந்த தூசியைத் துடைத்தார். “மூணு நாளா வாசல்ல ரிசப்ஷன் நாற்காலியில உக்காந்திருக்கேன். வீட்டுல இன்னும் சொல்லல. காலைல எப்பவும் போல கிளம்பி வந்துடறேன், அஞ்சு மணிக்கு எப்பவும் போல போயிடறேன். நாலு மணிக்கு அந்த லெட்டரைப் படிச்சுட்டாங்கன்னா, நாளைக்குக் காலைல எங்க கிளம்பறதுன்னு தெரியல.”

தவறு செய்தவர்களின் அழுகையைச் சர்வேயர் நிறையப் பார்த்திருக்கிறார், அதில் எப்போதும் கொஞ்சம் கணக்கு இருக்கும். இந்த அம்மாள் அழவே இல்லை, அதுதான் அவரை என்னவோ செய்தது.

“ஷீட்டை எப்படி அழிப்பீங்க?”

“ஒரு ரவுண்டுக்குப் பதினாலு ஷீட்டு. கிளைகள்லேருந்து வந்ததும் தலைவர்கிட்ட போகும். மறுநாள் அவர் கிளிப் போட்டுக் கட்டா அனுப்புவார். மேல ‘பதினாலு’ன்னு சீட்டு இருக்கும். அப்படியே கிழிக்கற மெஷின்ல விட்டுடுவேன்.”

“எண்ண மாட்டீங்களா?”

“எண்ணக் கூடாது மேடம். அச்சான முகத்துல விரல் பட்டா எண்ணெய்ப் பசை ஒட்டும், நிறம் மாறும். எங்க தொழில்ல ஷீட்டை விரலால புரட்டறவங்களை உள்ளயே விட மாட்டோம். கட்டாத்தான் வாங்குவோம், கட்டாத்தான் குடுப்போம்.”

“கிழிக்கப் போறதுக்கு எதுக்குங்க முக அலங்காரம்?” என்றார் மாப்பிள்ளை.

ஷேடு மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “இருபத்திரெண்டு வருஷத்துல யாரும் இப்படிக் கேட்டதில்ல.”

“கேக்க நான் இல்லையே!”

சர்வேயர் காகிதத்தை எடுத்து நீட்டினார். ஷேடு மேடம் இரண்டு உள்ளங்கைகளின் ஓரத்தால் அதைப் பிடித்து, முன்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டினார். பெரிய பச்சைக் கட்டம், அதற்குக் கீழே ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னக் கட்டம், அதற்கும் கீழே எறும்பு எழுத்தில் ‘ரவுண்டு 9, மெஷின் 7’.

“மெஷின் ஏழு இந்த ஊர்க் கிளையோடது, இந்த ரூம்லதான் இருக்கு. ஒரு ரவுண்டுக்கு ஒரு மெஷினாத்தான் திருத்துவோம், ஒன்பதுல இது. பச்சை ரெண்டு படி அதிகம். எனக்குப் பாத்ததுமே தெரியும். ஆனா கமிட்டியில முடிவு சொல்றது தலைவர்தான். நிறம் அளக்க ஒரு கருவி வாங்கலாம்னு அவரே கேட்டார். முதலாளி ஒத்துக்கல. பெயிண்ட் வாங்கறவன் கருவி வச்சா பாக்கறான், உங்க கண்ணு போதும்னுட்டார்.”

“தலைவர் உடனே சொல்லிடுவாரா?”

“மாட்டார். ஒரு ராத்திரி யோசிச்சுட்டு, மறுநாள் காலைல வந்துதான் சொல்வார். சொன்னா அச்சு அசலா இருக்கும். ஒன்பதாவது ரவுண்டுக்கு மறுநாள் வந்து, பச்சையில ரெண்டு குறைங்கன்னார். பத்தாவது ரவுண்டுல இந்த மெஷின் சரியா வந்துது.”

“அது எப்போ?”

“மூணு மாசம் இருக்கும்.”

சர்வேயர் காகிதத்தைத் திருப்பிப் பென்சில் எழுத்தைப் பார்த்தார். அப்புறம் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். நான்கு மூலையிலும் ஊசிமுனை அளவு துளைகள்.

“இங்க குண்டூசி உண்டா?”

“ஐயோ, கிடையாது மேடம். ஓட்டை விழும். கிளிப் மட்டும்தான்.”

வராந்தாவுக்கு வந்ததும் மாப்பிள்ளை ரகசியக் குரலில், “அக்கா, எதிராளிக்குக் குண்டூசின்னா பிரியம்னு எழுதிக்கட்டுமா?” என்றார்.

“அதை விடுங்க மாப்பிள்ளை. தலைவர் ரூமுக்குப் போறோம். அவர் மேஜையில பேனா இருந்தா எனக்குச் சொல்லுங்க.”

“பேனா இல்லாத மேஜை உண்டா?”

“எப்படிப்பட்ட பேனான்னு சொல்லுங்க.”

தலைவரின் மேஜையில் மூன்று பேனாக்கள், மூன்றும் கருப்பு உடம்பு. ஒவ்வொன்றின் மூடியிலும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, குட்டி எழுத்தில் நீலம், சிவப்பு, பச்சை என்று எழுதியிருந்தது. அலமாரியில் இருந்த கோப்புகளின் முதுகிலும் அப்படியே. சிவப்புக் கோப்பில் ‘சிவப்பு’ என்று எழுதி ஒட்டுகிற அளவுக்கு ஒழுங்கான மனிதரை மாப்பிள்ளை இதுவரை பார்த்ததில்லை. கோர்ட்டில்கூட இல்லை.

சர்வேயர் ஜன்னல் பக்கம் போய், “அந்தக் கட்டடம்தான் குடோனா சார்?” என்று கேட்டார். தலைவர் எழுந்து வந்து காட்டினார். முதுகுக்குப் பின்னால், மூடி திருகுவதுபோல் கையை ஒருமுறை சுழற்றினார் சர்வேயர். மாப்பிள்ளைக்கு வாய் நீளம்தான், கை அதைவிட வேகம். திரும்பி வந்தபோது சிவப்பு மூடி பச்சைப் பேனாவிலும், பச்சை மூடி சிவப்புப் பேனாவிலும் இருந்தன.

“ரெஜிஸ்டரைப் பாக்கணும் சார். ரெக்கார்டு ரூமுக்கு ஒரு வரி எழுதிக் குடுங்களேன்.”

“தாராளமா.” தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ‘பச்சை’ என்று ஒட்டியிருந்த பேனாவை எடுத்து, ‘அனுமதிக்கப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முத்து முத்தான எழுத்து. எல்லாம் ரத்தச் சிவப்பு. ஒருமுறை படித்துப் பார்த்துத் திருப்தியாகக் கொடுத்தார்.

ரெக்கார்டு ரூம் கிளார்க் அந்தச் சீட்டை ரொம்ப நேரம் பார்த்தார்.

“அனுமதின்னு எழுதியிருக்கு. ஆனா சிவப்புல இருக்கு. எங்க ரூல்படி பச்சைன்னா சரி, சிவப்புன்னா தள்ளுபடி.”

“அப்போ தள்ளுபடியை அனுமதிச்சிருக்காரா, அனுமதியைத் தள்ளுபடி பண்ணியிருக்காரா?” என்றார் மாப்பிள்ளை.

“முப்பது வருஷத்துல அவர் மை மாறிப் போட்டதே இல்ல.” கிளார்க் வெகுவாகக் குழம்பி, கடைசியில் நடுநிலையாக ஒரு தீர்ப்புச் சொன்னார். “எழுத்து சரி, கலர் தப்பு. தொடாம பாருங்க. பக்கத்தை நான் புரட்டறேன்.”

பதின்மூன்று ரவுண்டு, பதின்மூன்று பக்கம். ஒவ்வொன்றிலும் ‘பதினான்கு ஷீட்டுகள் அழிக்கப்பட்டன’ என்ற வரிக்குக் கீழே ஷேடு மேடத்தின் கையெழுத்து. அதற்குக் கீழே இன்னொரு வரி, இன்னொரு கையெழுத்து. சர்வேயர் அதைப் பார்த்துவிட்டுப் புன்னகை செய்தார்.

படியிறங்கும்போதுதான் மாப்பிள்ளைக்கு உறைத்தது.

“அக்கா! அவருக்குச் சிவப்பு பச்சை தெரியாது!”

“ஆமா.”

“பெயிண்ட் கம்பெனியில! நிறக் கமிட்டிக்குத் தலைவரா!” மாப்பிள்ளை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். “எங்க கோர்ட்டுல கூட இவ்வளவு நீதி கிடையாது.”

“காலைல காகிதத்தை அவர் கையில குடுத்தாங்க. முன்பக்கத்தை அவர் பாக்கவே இல்ல. பின்னால எழுதினதைப் படிச்சுட்டு, எந்த ரவுண்டு, எந்த நிறம் எத்தனை படின்னு சொன்னார். ரவுண்டு நம்பர் முன்பக்கத்துலதான் இருக்கு. அப்போ பின்னால இருக்கற எழுத்தை அவர் ஏற்கெனவே பாத்திருக்கார். அதுல எழுதினதைத்தான் மறுநாள் காலைல வந்து சொல்லியிருக்கார். அவர் ராத்திரி யோசிக்கல மாப்பிள்ளை. ராத்திரி யாரையோ கேட்டிருக்கார்.”

“யாரை?”

“தூக்கல்னு எழுதற, குண்டூசி வச்சிருக்கற ஒருத்தரை.”

கேட் வாட்ச்மேனிடம் மாப்பிள்ளை இரண்டு நிமிடம் பேசினார். தலைவர் எங்கே குடியிருக்கிறார் என்று கேட்டால் சந்தேகம் வரும் என்று, வாட்ச்மேனின் யூனிஃபார்ம் தலைவர் சட்டை மாதிரியே ரொம்பக் கச்சிதம் என்று புகழ்ந்தார். “தலைவர் வீட்டம்மா தைச்சது சார். ரெண்டாவது தெருவுல கடை. நூல் எது, துணி எதுன்னு பிரிச்சுப் பாக்க முடியாது,” என்றார் வாட்ச்மேன்.

சின்னக் கடை. இரண்டு தையல் மெஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, மரச் சட்டத்தில் நூறு நூல்கண்டுகள். தலைவரின் மனைவி கழுத்தில் அளவு நாடாவோடு, வாயில் இரண்டு குண்டூசிகளோடு நிமிர்ந்தார். அவருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்ததும் மாப்பிள்ளை பேச வந்ததை விட்டுவிட்டார்.

சுவரில் ஒரே வரிசையாகப் பச்சைக் காகிதங்கள் குத்தியிருந்தன. ரவுண்டு ஒன்று, இரண்டு, மூன்று. எட்டு வரை. அப்புறம் ஒரு காலி இடம். பிறகு பத்திலிருந்து பதின்மூன்று.

கம்பெனி ரெஜிஸ்டரில் பதின்மூன்று முறை அழிக்கப்பட்ட ரகசியம், தெருவைப் பார்த்த கடையில் வாடிக்கையாளருக்கு நூல் ஷேடு காட்டுவதற்காகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“அழகா இருக்கு,” என்றார் சர்வேயர். “நீங்க பாத்துச் சொல்றதா?”

அந்த அம்மாள் ஊசிகளை எடுத்துப் பட்டையில் குத்தினார். “அவர் ஆபீஸ் சமாச்சாரம். பெயிண்ட் அடிச்ச ஒரு அட்டைத் துண்டும் இந்தத் தாளும் கொண்டு வருவார். நூலைத் துணி மேல வச்சுப் பாக்கற மாதிரி, அட்டையை ஒவ்வொரு கட்டத்து மேலயும் வச்சுப் பாப்பேன். எங்க வச்சா காணாமப் போகுதோ அதுதான் அளவு. பின்னால எழுதி அன்னிக்கு ராத்திரியே அவர் கண்ணுல படற மாதிரி வைப்பேன். காலைல படிச்சுட்டு, தாளை எனக்கே விட்டுட்டுப் போயிடுவார்.”

“அவருக்கு…”

“கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டார். என்கிட்ட மட்டும்.” அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வந்து போனது. “நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் அந்த வேலையைப் பாத்தோம்னு வச்சுக்குங்களேன்.”

“ஒன்பதாவது தாள் எங்கம்மா?”

“ஜன்னல் திரை தைக்க வந்த ஒருத்தங்க கேட்டாங்க. இந்தப் பச்சை ரொம்பப் பிடிச்சிருக்கு, சுவருக்கும் இதையே அடிக்கணும், பெயிண்ட் கடையில காட்டறேன்னாங்க. கழிச்ச தாள்தானேன்னு குடுத்தேன். ஏன், என்ன ஆச்சு?”

மிச்சத்தைச் சர்வேயர் ஊகித்துக்கொண்டார். சுவருக்கு நிறம் கேட்ட அந்த வாடிக்கையாளர் பக்கத்தில் இருந்த கடைக்குப் போயிருக்கிறார். அது போட்டிக் கம்பெனியின் கடை. அவர்கள் காகிதத்தைப் பார்த்துக் கலந்து கொடுத்திருக்கிறார்கள், நிறம் நன்றாக இருக்கிறதே என்று மேலிடத்துக்கும் அனுப்பியிருக்கிறார்கள். திருடன் என்று யாரும் இல்லை. ஒரு திரைச்சீலைதான்.

சர்வேயர் எதையும் பூசி மெழுகாமல் சொன்னார். ஷேடு மேடம் மூன்று நாளாக ரிசப்ஷன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதையும் சொன்னார்.

தலைவரின் மனைவி அளவு நாடாவைக் கழற்றி மேஜையில் வைத்தார். “அவருக்கு இது தெரியுமா? தாள் இங்கேருந்துதான் போச்சுன்னு?”

“இன்னிக்குக் காலைலயே தெரியும். என் எதிர்லதான் தெரிஞ்சுக்கிட்டார்.”

“இருங்க, கடையைப் பூட்டிட்டு வரேன்,” என்றார் அந்த அம்மாள்.

நாலு மணிக் கூட்டத்தில் பதினான்கு கிளை மேனேஜர்களும் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் எல்லாக் கிளையிலும் புது அளவுகோல் நடைமுறைக்கு வரும். முதலாளி முதலில் டிஸ்மிஸ் ஆர்டரைப் படித்துவிட்டு அப்புறம் பொத்தானை அழுத்துவதாக ஏற்பாடு. நல்ல காரியத்தை அபசகுனத்தோடு ஆரம்பிக்க வேண்டாம் என்று சொல்லக்கூட அங்கே ஆள் இல்லை.

“ரிப்போர்ட் ரெடியா?” என்றார் முதலாளி.

“ரெடி. ஆனா அதைப் படிக்க வேண்டியது நான் இல்ல,” என்ற சர்வேயர் தலைவரின் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்றீங்களா சார், நான் சொல்லட்டுமா?”

தலைவர் தொண்டையைச் செருமினார். இன்னொரு தரம் செருமினார். அப்போதுதான் கதவருகே மனைவி நிற்பதைப் பார்த்தார். அந்த அம்மாள் தலையைக்கூட ஆட்டவில்லை, வெறுமே நின்றார். அது போதுமானதாக இருந்தது.

“எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான்,” என்றார் தலைவர். “பிறந்ததிலேருந்து. ரெண்டும் எனக்கு ஒரே அழுக்கு மஞ்சள். எல்லாத்துக்கும் ஒரு நம்பர் வந்துட்டா, இது எப்படி இருக்கு பாருங்கன்னு யாரும் என்கிட்ட கேக்க மாட்டாங்கன்னு நினைச்சேன். அதுக்குத்தான் கமிட்டி வேணும்னேன். கடைசியில அதுக்கே என்னைத் தலைவராக்கிட்டீங்க. ரவுண்டுக்கு ஒரு ஷீட்டா நான்தான் வீட்டுக்குக் கொண்டு போனேன். பதிமூணும்.”

மேனேஜர் ஒருவர் தன் கையிலிருந்த கோப்பின் நிறத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

முதலாளிக்கு முகம் சிவந்தது. “மூணு வருஷமா என் கம்பெனி நிறத்தை ஒரு தையல் கடையா முடிவு பண்ணிட்டிருந்தது?”

“தையல் கடை முடிவு பண்ணது சரியா இருக்கு சார்,” என்றார் ஷேடு மேடம். நின்றுகொண்டேதான் சொன்னார். “பதிமூணாவது ரவுண்டு பதினாலு மெஷின்லயும் ஒரே பச்சை. என் கண்ணால பாத்தேன்.”

முதலாளி யோசித்தார். அவர் யோசிப்பது வெளியே தெரியும். மூன்று வருடம், பதினான்கு மேனேஜர்கள், ஒரு பொத்தான். கமிட்டியைக் கை கழுவ முடியாது. யாரையாவது கழுவியாக வேண்டும்.

“அது சரி. ஆனாலும் எண்ணாம கையெழுத்துப் போட்டது தப்புதானே? அழிச்சதா எழுதினது இவங்கதானே? ஆர்டர் அப்படியே இருக்கட்டும். காரணத்தை மட்டும் மாத்திக்கலாம்.”

ஷேடு மேடத்தின் கை நாற்காலி முதுகைப் பிடித்தது.

“தப்புதான்,” என்றார் சர்வேயர். “எண்ணாம கையெழுத்துப் போட்டவங்களை எல்லாம் அனுப்பணும்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா, லிஸ்ட் முழுசா இருக்கணும். ரெஜிஸ்டர்ல அவங்க கையெழுத்துக்குக் கீழ இன்னொரு கையெழுத்து இருக்கு. ‘அழிக்கப்பட்டதை நேரில் பார்த்தேன்’னு. பதிமூணு தடவை.”

“யாரோட…” என்று கேட்க வந்த முதலாளி பாதியில் நிறுத்தினார்.

“டைப் பண்ணும்போது உங்க பேரை முதல்ல போடறதா, அகர வரிசையில போடறதா சார்?” என்று பணிவாகக் கேட்டார் மாப்பிள்ளை.

முதலாளி டிஸ்மிஸ் ஆர்டரை எடுத்து நான்காகக் கிழித்தார். அப்புறம் அந்தத் துண்டுகளை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். “நீங்க நாளைக்கே ஜாயின் பண்ணிக்கலாம்மா. கமிட்டியையும் நீங்களே பாத்துக்குங்க. நடந்ததை மனசுல வச்சுக்க வேணாம்.”

“மனசுல வச்சுக்கல சார். நோட்டீஸ் போர்டுல வைக்கணும்,” என்றார் ஷேடு மேடம். “என்னை சஸ்பெண்ட் பண்ண லெட்டர் பதினாலு கிளைக்கும் போச்சு. நான் எடுக்கலங்கறதும் பதினாலு கிளைக்கும் போகணும். உங்க கையெழுத்தோட.”

பொத்தான் அழுத்தப்பட்டது. புது அளவுகோலில், நெட்வொர்க்கில் போன முதல் அச்சு முதலாளியின் மன்னிப்புக் கடிதம். மேலே கம்பெனியின் பச்சை முத்திரை. கிளைகளிலிருந்து ஒவ்வொன்றாக ஃபோன் வந்தது. எல்லா ஊரிலும் ஒரே மாதிரி வந்திருக்கிறதாம்.

கூட்டம் கலைந்தபோது தலைவர் ஷேடு மேடத்தின் அருகே வந்தார். வாயைத் திறந்தார். அவருடைய மனைவி கதவருகிலேயே நின்றார், உதவிக்கு வரவில்லை.

“நீங்க பயந்தது எனக்குப் புரியுது சார்,” என்றார் ஷேடு மேடம். “ஆனா உங்க ரூமுக்கும் என் ரூமுக்கும் நடுவுல ஒரு சுவர்தான். இருபத்திரெண்டு வருஷமா அந்தப் பக்கம் உக்காந்திருந்தேன். ஒரு தடவை வந்து கேட்டிருந்தீங்கன்னா, பாத்துச் சொல்லியிருப்பேன். யார்கிட்டயும் மூச்சு விட்டிருக்க மாட்டேன்.”

“இனிமே…” என்று ஆரம்பித்தார் தலைவர்.

“இனிமே கேக்காதீங்க,” என்று சொல்லிவிட்டு, மணி ஐந்தாகிவிட்டதால் ஷேடு மேடம் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.